கிரூ நகரில் ஒரு பந்தாட்டம்

எங்கள் குடும்பத்தில் எவரும் கண்டிராத ஊர் ஒன்றின் பெயர் மூன்று தலைமுறைகளாக எங்கள் வீட்டில் வழங்கி வந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கரக்பூர் ரயில்வே பட்டறைக்கு வேலை தேடி வந்த எங்கள் பாட்டனார், அந்நாளில் அங்கிருந்த ஆங்கிலோ இந்தியப் போர்மன் ஒருவரிடம் கேட்டுக்கொண்ட பெயர் அது. மரச்சட்டம் ஒரு நூல் விலகினாலும், திருகாணி சரியாக இறங்காவிட்டாலும், "கிரூவில் இப்படிச் செய்தால் கையை ஒடித்திருப்பார்கள்" என்று அந்தப் போர்மன் கூறுவாராம். பாட்டனார் அதையே எங்கள் தந்தையாரிடம் கூறினார். தந்தையார் எங்களிடம் கூறினார். ஆனால் பட்டறையில் அல்ல, பரீட்சையில் கணக்குத் தவறியபோது. ஆகவே கிரூ என்பது இங்கிலாந்து தேசத்தில் உள்ள ஒரு ரயில்வே நகரம் என்று அறிவதற்கு முன்பே, அது அடி விழும் இடம் என்பதை நாங்கள் நன்கு அறிந்திருந்தோம்.

அந்த ஊருக்கு எங்கள் தமக்கையாரே போய்ச் சேர்வார் என்று யார் நினைத்தது? செவிலியர் படிப்பு முடித்து இங்கிலாந்து சென்ற அவர், இரண்டு மூன்று ஊர்கள் மாறி, முடிவில் கிரூவுக்கு அருகில் உள்ள மருத்துவமனை ஒன்றில் அமர்ந்தார். அச்செய்தி வந்த நாளில் தந்தையார் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. பட்டறை நண்பர்கள் அனைவருக்கும் மிட்டாய் வழங்கினார். ஆனால் 2010-ஆம் ஆண்டில் தமக்கையார் தம்முடன் பணிபுரிந்த மலப்புரத்து இளைஞர் ஒருவரை அங்கேயே பதிவுத் திருமணம் செய்து கொண்டு, பிறகுதான் எங்களுக்குத் தெரிவித்தார். அன்று முதல் கிரூ என்ற சொல்லே எங்கள் வீட்டில் எழாமல் போயிற்று. தாயார் மட்டும் சமையலறையில் இருந்தபடி மகளுடன் தொலைபேசியில் மெல்லப் பேசுவார். தந்தையார் அவ்வேளையில் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். மருமகனை அவர் குறிப்பிட நேர்ந்தால் "அந்தப் பையன்" என்பார். அதற்குமேல் ஒரு சொல்லும் இராது.

பேரக் குழந்தை பிறந்த பிறகு தாயார் வைத்த பிடிவாதத்தினால்தான் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நாங்கள் மூவரும், அதாவது தந்தையார், தாயார், இதனை எழுதும் குமாஸ்தா ஆகிய மூவரும், பயணம் புறப்பட்டோம். வெளிநாடு செல்ல அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்ற வரலாற்றை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும், இங்கே விட்டுவிடுகிறோம். விமானத்தில் தந்தையார் ஒரே ஒரு முறை வாய் திறந்தார். "நான் கிரூவைப் பார்க்க வருகிறேன். வேறு எதற்கும் இல்லை" என்றார்.

மாஞ்செஸ்டர் விமான நிலையத்தில் தமக்கையாரும் அவர் கணவரும் வந்து காத்திருந்தனர். அவர் குனிந்து தந்தையாரின் கால்களைத் தொட்டார். தந்தையார் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் கிரூவை அடைந்தோம்.

கிரூவைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். பொதுவாக ஊர் இருக்கும். பிறகு ரயில் நிலையம் வரும். ஊரின் பெயரை நிலையத்திற்கு இடுவார்கள். கிரூவில் அது தலைகீழ். 1837-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கிராண்ட் ஜங்ஷன் ரயில்வே கம்பெனியார் வயல்வெளியில் ஒரு நிலையத்தைத் திறந்து, அருகில் இருந்த கிரூ மாளிகையின் பெயரை அதற்குச் சூட்டினர். ஊர் அதற்குப் பின்னர்தான் தோன்றியது. நிலையத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 1843-ஆம் ஆண்டில் இஞ்சின் பட்டறை வந்தது. தொழிலாளருக்கு வீடுகள் வந்தன. விக்டோரியா மகாராணியாரின் பொன்விழாவை ஒட்டி 1887-இல் ரயில்வே கம்பெனியே ஊருக்கு ஒரு பூங்காவையும் அளித்தது. போட்டிக் கம்பெனி அவ்விடத்தில் தண்டவாளம் போட்டுவிடாமல் தடுப்பதற்காகவே அந்தத் தானம் என்று ஒரு கதையும் வழங்குகிறது. ரயில்வே நிர்வாகங்களை அறிந்த நாங்கள் அதை முற்றிலும் மறுக்கத் துணியவில்லை. கரக்பூரில் வாழும் நம் அன்பர்களுக்கு இவ்வகை ஊர் எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த செங்கல் வீடுகள், நேர்கோட்டுத் தெருக்கள், இரவெல்லாம் பெட்டிகள் கோக்கும் ஓசை. தாயார் முதல் நாள் இரவே, "வீட்டில் படுத்திருப்பது போல் இருக்கிறது" என்று சொல்லி நன்றாக உறங்கினார்.

அந்தப் பட்டறையில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட நீராவி இஞ்சின்கள் உருவாயின. கடைசி இஞ்சின் 1958 டிசம்பரில் வெளியேறியது. தந்தையார் பட்டறை வாசலைப் பார்க்க வேண்டும் என்றார். தமக்கையார் அழைத்துச் சென்று காட்டினார். பழைய பட்டறை நிலத்தின் பெரும் பகுதியில் இப்போது வீடுகளும் சூப்பர் மார்க்கெட்டும் இருக்கின்றன. எஞ்சிய ஒரு பகுதியில் மட்டும் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று தலைமுறையாக எங்களை மிரட்டிய இடத்தில் தக்காளியும் ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தன. தந்தையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "போர்மன் இதைப் பார்க்காமல் போனது நல்லது" என்று மட்டும் கூறினார்.

ஆனால் ரயில் நிலையம் அவரை மகிழ்வித்தது. லண்டன், மாஞ்செஸ்டர், லிவர்பூல், செஸ்டர், ஷ்ரூஸ்பரி, ஸ்டோக் என ஆறு திசைகளில் பாதைகள் பிரியும் சந்திப்பு அது, பன்னிரண்டு பிளாட்பாரங்கள். தினமும் காலையில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். நான்காம் நாள் தமக்கையாரிடம், "எல்லாம் சரிதான். ஆனால் நம் கரக்பூர் பிளாட்பாரத்தின் நீளத்திற்கு இங்கே எதுவும் இல்லை" என்று அறிவித்தார். 1,072 மீட்டருக்கு மேற்பட்ட கரக்பூர் பிளாட்பாரம் அன்று உலகிலேயே மிக நீளமானது என்பதை அன்பர்கள் அறிவர்.

இவ்வாறு பத்து நாட்கள் சென்றன. மருமகனுடன் மட்டும் பேச்சு இல்லை. அவர் இரவுப் பணி முடிந்து வந்து தேநீர் போட்டு எதிரில் வைப்பார். தந்தையார் அருந்துவார். கோப்பை காலியாகும். அவ்வளவே. நாங்களும் அவரை அத்தான் என்று அழைக்கத் துணியாமல், பெயர் சொல்லவும் கூசி, "இங்கே பாருங்கள்" என்று தொடங்கியே காலத்தைக் கடத்தினோம்.

ஏப்ரல் 27, சனிக்கிழமை. அத்தான் மூன்று டிக்கெட்டுகளைக் கொணர்ந்து மேஜைமேல் வைத்துவிட்டு, யாரையும் பாராமல், மலையாளம் கலந்த தமிழில், "இன்று இங்கே பந்தாட்டம். ஊர்க் குழுவின் பெயரே ரயில்காரர்கள்" என்றார். தந்தையார் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

கிரூ அலெக்சாந்திரா என்னும் அக்குழு 1877-இல் தோன்றியது. மைதானம் கிரெஸ்டி ரோட்டில், ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய குழுக்கள் ஆடும் முதல் வகுப்புக்கு இரண்டு படிகள் கீழே, லீக் ஒன் என்னும் வகுப்பில் அவ்வாண்டு ஆடிக்கொண்டிருந்தது. அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரிகள் வால்சால் நகரத்தார். வால்சால் குதிரைச் சேணம் செய்வதில் பெயர் பெற்ற ஊராதலால் அவர்களுக்குச் சேணக்காரர்கள் என்று பட்டப்பெயர். ரயில்காரர்களுக்கும் சேணக்காரர்களுக்கும் ஆட்டம்! குதிரைக்கும் இஞ்சினுக்கும் வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வழியெங்கும் சிவப்புக் கழுத்துத் துணி அணிந்தவர்கள் நடந்தனர். முதியவர்கள், தந்தையின் கையைப் பிடித்த சிறுவர்கள், சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி. யாரும் ஓடவில்லை, கூச்சலிடவில்லை. கல்கத்தா மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம் நடக்கும்போது லாரிகளில் ஏறிக் கொடி வீசிச் செல்லும் கூட்டத்தைக் கண்டு பழகிய எங்களுக்கு, இது கோயிலுக்குச் செல்லும் கூட்டம்போல் தோன்றியது. உள்ளே ஒரு வேடிக்கை. மைதானத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் 1999-இல் கட்டிய பெரிய மாடம் மாளிகைபோல் நிற்கிறது. மற்ற மூன்று பக்கங்களிலும் தாழ்வாரம்போல் சிறு கொட்டகைகள். பத்தாயிரம் பேருக்குச் சற்று மேல் அமரலாம். நாங்கள் சென்ற அன்று சில ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். குளிர் காலணிக்குள் ஏறியது. இடையிடையே நிலையத்துப் பக்கமிருந்து வண்டிகளின் ஓசை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தந்தையாரின் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்பிற்று.

எங்கள் பக்கத்து இருக்கையில் ஊர்க்காரரான ஒரு முதியவர். அவர் அத்தானிடம் ஏதோ ஆர்வத்துடன் கூறினார். அத்தான் அதை எங்கள் பக்கம் திரும்பி, ஆனால் தந்தையாருக்குக் கேட்கும்படியாக, மொழிபெயர்த்தார். அன்று கிரூ தரப்பில் ஆட்டம் தொடங்கிய பதினொருவரும் அக்குழுவின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்த பிள்ளைகளாம். ஒருவர்கூட வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். அந்தக் குழு பல ஆண்டுகளாகக் கொண்டிருந்த ஆசை அன்றுதான் நிறைவேறுகிறதாம்.

இதன் சிறப்பை விளக்க வேண்டும். சிறிய ஊரின் குழுவுக்கு நுழைவுச் சீட்டுப் பணத்தால் மட்டும் பிழைப்பு நடக்காது. எனவே கிரூ குழுவினர் சிறு பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவிப்பர். அவர்கள் தேறியதும் பெரிய குழுக்கள் பெருந்தொகை கொடுத்து அழைத்துச் செல்லும். அந்தத் தொகையில் குழு வாழும், அடுத்த பிள்ளைகள் வளர்வர். டேனி மர்பி என்பவர் இப்படித்தான் 1997-இல் லிவர்பூல் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 2012 மே மாதம் லண்டன் வெம்பிளி மைதானத்தில் கோல் போட்டு கிரூவை மேல் வகுப்புக்கு ஏற்றிய நிக் பவல் என்ற இளைஞரை, அந்தக் கோடையிலேயே மாஞ்செஸ்டர் யுனைடெட் அழைத்துக்கொண்டது. அப்படியும் மனம் தளராமல் அடுத்த பிள்ளைகளை வைத்து ஆடி, நாங்கள் பார்த்த ஆட்டத்திற்கு இருபது நாட்கள் முன்பு, ஏப்ரல் 7 அன்று, அதே வெம்பிளியில் சவுத்தெண்ட் குழுவை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்று ஒரு கோப்பையும் வாங்கி வந்திருந்தனர்.

தந்தையார் இதைக் கேட்டார். நேராக அத்தானைப் பார்க்காமல், மைதானத்தைப் பார்த்தபடி, "அப்ரெண்டிஸ்" என்றார்.

"ஆமாம் அப்பா. இங்கேயும் முன்பெல்லாம் இளம் ஆட்டக்காரர்களை அப்ரெண்டிஸ் என்றுதான் சொல்வார்கள்" என்றார் அத்தான்.

மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குள் நடந்த முதல் உரையாடல் அதுதான்.

ஆட்டத்தை விவரிக்குமாறு அன்பர்கள் எதிர்பார்க்கக்கூடும். கிரூ இரண்டு கோல்கள் போட்டது, வால்சால் ஒன்றும் போடவில்லை என்பதை உறுதியாகக் கூறுவோம். ஆனால் அக்கோல்கள் விழுந்த விதத்தைக் கூற இயலாது. கோல் விழும் தருணத்தில் எங்கள் முன் வரிசையில் இருந்த ஆறடி மனிதர்கள் அனைவரும் எழுந்து நின்றுவிட்டனர். எங்கள் நினைவில் நிற்பது வேறு. அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பாராமலே பந்தைக் கொடுத்தனர். இங்கே நிற்பான் என்று தெரிந்து அனுப்பினர். அவன் அங்கே நின்றான். சிறு வயது முதல் ஒரே திடலில் ஆடியவர்களுக்கு மட்டும் கைகூடுவது அது. பந்து தவறிப் போனாலும் பார்ப்போர் திட்டவில்லை. பக்கத்து முதியவர் ஒரு பையனின் பெயரைச் சொல்லி, இவனை இவ்வளவு சிறியவனாக இருந்தபோதே தெரியும் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார்.

இடைவேளையில் அத்தான் காகிதக் குவளைகளில் தேநீர் வாங்கி வந்தார். அங்கே அனைவரும் மாட்டிறைச்சிச் சாறும் இறைச்சி வைத்த பணியாரமும் உண்கின்றனர். எங்களுக்காக அவர் வெறும் தேநீர் தேடி வரிசையில் நின்றிருந்தார். தந்தையார் குவளையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு பேசத் தொடங்கினார். எங்களிடம் அல்ல, அத்தானிடம்.

1958-ஆம் ஆண்டு ஈஸ்டர்ன் ரயில்வே குழு கல்கத்தா லீக்கை வென்றதை அவர் முதலில் கூறினார். பெரிய குழுக்கள் மூன்றையும் தள்ளிவிட்டு ஓர் அலுவலகக் குழு வென்ற அதிசயம் அது. 2019-ஆம் ஆண்டில் பியர்லெஸ் குழு வெல்லும்வரை அப்படி இன்னொன்று நடக்கவில்லை. பி. கே. பானர்ஜி அந்த ரயில்வே குழுவில்தான் ஆடினார்; இந்தியாவின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தும் கடைசிவரை பெரிய குழு எதற்கும் போகவில்லை. அவ்வாண்டு எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த தந்தையார், பட்டறைத் தெருவில் தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பட்டாசு கொளுத்தியதைப் பார்த்தாராம். இவை நாங்கள் பல முறை கேட்ட கதைகள்.

அதற்கு அடுத்ததை நாங்கள் கேட்டதில்லை. தாயாரும் கேட்டதில்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். 1972-இல், பட்டறைக் குழுவில் லெப்ட் அவுட்டாக ஆடிக்கொண்டிருந்த தந்தையாருக்கு, ரயில்வே குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்திற்குக் கல்கத்தாவுக்கு வருமாறு கடிதம் வந்திருக்கிறது. அத்தையாரின் திருமணத்திற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம். பாட்டனார் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஓவர்டைம் இருக்கிறது" என்று கூறினாராம். தந்தையார் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெட்டிகளுக்குச் சாயம் பூசினார்.

"அவர் போகாதே என்று சொல்லவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை" என்றார் தந்தையார். பிறகு, "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

அத்தான் உடனே ஒன்றும் கூறவில்லை. ஆட்டக்காரர்கள் மீண்டும் உள்ளே வரத் தொடங்கியபோது, மலப்புரத்தில் அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் ஏழு பேர் ஆட்டங்களில், ஓர் ஆட்டத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடித்தான் செவிலியர் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்தியதாகக் கூறினார். நாங்கள் அதையும் அன்றுதான் அறிந்தோம்.

"எந்த இடத்தில் ஆடுவீர்கள்?" என்று தந்தையார் கேட்டார். நீங்கள் என்று அழைத்ததை நாங்கள் கவனித்தோம்.

"பின்னால். வலது பக்கம்."

"ரைட் பேக்கா? அப்படியானால் நான் உங்களைத்தான் தாண்டிப் போயிருக்க வேண்டும், மாப்பிள்ளை."

"தாண்ட விட்டிருக்க மாட்டேன் அப்பா."

தந்தையார் சிரித்தார். இரண்டாம் பாதி முழுவதும் அவர்கள் இருவரும் வலது பக்கத்துப் பையனை மட்டுமே பார்த்துக்கொண்டு, அவன் முன்னால் வந்துவிட்டான், இல்லை சரியாகத்தான் நிற்கிறான் என்று வாதாடினர். நாங்கள் ஆட்டத்தை விட்டு அவர்களைப் பார்த்தோம். அத்தானின் தேநீர் குடிக்காமலே ஆறிப்போயிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் பக்கத்து முதியவர் எங்களை எளிதில் விடவில்லை. இந்தியாவில் ரயில்வேயில் இருப்பவர்கள் என்று தெரிந்ததும் ஒரு கதை சொன்னார். 1960 ஜனவரியில் லண்டனின் டாட்டன்ஹாம் குழு இந்த மைதானத்திற்கு வந்தபோது இருபதாயிரம் பேர் திரண்டனர். இன்றளவும் இங்கே அதுவே மிகப் பெரிய கூட்டம். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. ஊரே கொண்டாடியது. சில நாட்களில் லண்டனில் மறு ஆட்டம் நடந்தது. கிரூ பதின்மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. அன்றிரவு லண்டனில் பதின்மூன்றாம் பிளாட்பாரத்தில் புறப்பட்ட வண்டி கிரூவில் இரண்டாம் பிளாட்பாரத்தில் வந்து நின்றது என்று சொல்லி முதியவர் விழுந்து விழுந்து சிரித்தார். தந்தையார் சிரித்துவிட்டு, வண்டி இரண்டாம் பிளாட்பாரத்தில் வர எந்தப் பாயிண்டைப் போட்டிருப்பார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

வீடு திரும்பும் வழியில் அத்தான் தாம் மாஞ்செஸ்டர் யுனைடெட் ரசிகர் என்பதைத் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார். பணக்காரக் குழு என்று தந்தையார் முகம் சுளித்தார். அக்குழு 1878-இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில், லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வேயின் கேரேஜ் அண்டு வேகன் பகுதித் தொழிலாளரால் தொடங்கப்பட்டது. 1902-இல்தான் இன்றைய பெயர் வந்தது என்று அத்தான் விளக்கினார். தந்தையார் வேலை பார்த்ததும் கேரேஜ் ஷாப். "அப்படியா! அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

வீட்டு வாசலில் தமக்கையார் குழந்தையுடன் நின்றிருந்தார். "ஆட்டம் எப்படி அப்பா?" என்று கேட்டார். தந்தையார், "மாப்பிள்ளைக்குக் குளிரில் கை விறைத்துவிட்டது. முதலில் சூடாக ஏதாவது கொடு" என்றார். தமக்கையார் குழந்தையை எங்கள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே விரைந்தார். வெகுநேரம் அவர் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

மே மாதத்தில் நாங்கள் கரக்பூர் திரும்பினோம். அவ்வாண்டு அக்டோபரில் கோரக்பூரில் 1,366 மீட்டர் நீளமுள்ள புதிய பிளாட்பாரம் திறக்கப்பட்டது. அன்றிரவே கிரூவிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர் தாயார். மறுமுனையில் தமக்கையார் இல்லை. அத்தான் தந்தையாரைக் கேட்டார். "அப்பா, உங்கள் பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டார்கள்" என்றாராம். தந்தையார், "போகட்டும் மாப்பிள்ளை. அதுவும் நம் ரயில்வேதானே" என்று பதில் கூறிவிட்டு, இன்னும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

2023 மார்ச் மாதத்தில் ஹூப்ளியில் 1,507 மீட்டர் பிளாட்பாரம் திறந்தபோதும் அத்தான் மறவாமல் அழைத்தார். அச்செய்தியை வாங்கிக்கொள்ளத் தந்தையார் இல்லை. நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம்.